கடைமடைக் கனிகள்

ஆனி மாதத்துப் பலாப்பழத்தை உத்தேசித்துத்தான், புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு நேரே ஓடும் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் என்று வளைந்து செல்லும் வழியில் நாங்கள் கோட்டைப்பட்டினத்துக்குப் புறப்பட்டோம். உடன்வந்த நண்பர் மண் பரிசோதனைக் கூடத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வோர் ஊரின் மண்ணையும் குடுவையில் கரைத்துப் பார்ப்பதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவராகையால், ஒரு பழத்தைத் தின்னும்போது அதன் ருசியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாரானால் அதன் சாம்பலைப் பற்றி இருபது வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். செம்மண் பூமியில் பலாவும் தென்னையும் வாழையும் பூந்தோட்டங்களும் மாறி மாறி வரும் அந்தப் பிரதேசம், 2018ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் வந்த கஜா புயலில் அடியோடு சாய்ந்து போயிற்று என்பதைச் சாலையோரத்தில் நிற்கும் மரங்களின் வயதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். புயலுக்குத் தப்பிய கிழ மரம் ஒன்று நிற்கும், அதைச் சுற்றிலும் இளங்கன்றுகள் நிற்கும், இடைப்பட்ட வயதுக்காரர்களைக் காண்பது அரிது.

கீரமங்கலத்துக்கு இப்பால் ஒரு பந்தலடியில் பழம் அறுத்துக்கொண்டிருந்த அம்மாள், கத்தியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை நெடுக்காகப் பிளந்து, நடுத்தண்டைச் சீவி எறிந்து, சடையை ஒதுக்கி, சுளையைக் கீறிக் கொட்டையைத் தனியே பிதுக்கி ஒரு கூடையில் போட்ட வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "கொட்டைய எடுத்துக்கிறீங்களாண்ணே, இல்ல நான் போட்டுக்கவா? தோலு ஆட்டுக்கு, அதைக் கேக்காதீங்க" என்று அவள் கறாராகச் சொன்னாள். அவள் கத்தியால் செய்த பாகப்பிரிவினையை மரம் முன்கூட்டியே செய்து முடித்துவிட்டது என்று நண்பர் ஆரம்பித்தார். ஒரே வேர் உறிஞ்சிய ஒரே மண்ணின் சத்துக்கள்தாம். ஆயினும் சுளைக்குச் சர்க்கரையோடு கூடப் பொட்டாசியம் தாராளமாக வந்து சேர்கிறது. கொட்டைக்குப் பாஸ்பரஸ், நாளைக்கு முளைக்கப் போகும் கன்றுக்கான சீதனமாக, ஃபைட்டிக் அமிலத்தின் உருவில் பத்திரமாகக் கட்டி வைக்கப்படுகிறது. கால்சியமோ சுளையைத் தேடி வராமல் தோலிலும் நாரிலும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆகவே அந்த அம்மாளின் ஆடு மனிதர்களைவிடச் சுண்ணாம்புச் சத்தில் சௌக்கியமாக இருக்கிறது என்பது நண்பருடைய அபிப்பிராயம்.

மண்ணிலிருந்து செடி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வியே மிகப் பழையது. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜிய தேசத்து வைத்தியர், 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, அதில் ஒரு வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கொடாமல் வளர்த்து, மரம் 160 பவுண்டுக்கு மேல் கனத்தபோது மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்துப் பார்த்ததில், குறைந்திருந்தது ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ் மட்டுமே. ஆகவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். காற்றின் பங்கு அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் அவர் துச்சமாகத் தள்ளிய அந்த இரண்டு அவுன்ஸில்தான் எங்கள் பிரயாணத்தின் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது. விறகு எரிந்தபின் அடுப்பில் எஞ்சும் சாம்பல் அதுவே. காற்றும் நீரும் தரும் கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் நீங்கலாக, மண்ணிலிருந்து இன்றியமையாமல் வரவேண்டியவை பதினான்கு மூலகங்கள் என்று இன்றைய சாஸ்திரம் கணக்கிடுகிறது. அவை செடிக்குள் நுழைந்தபின் எங்கெங்கே போய்த் தங்குகின்றன என்பது, எவ்வளவு நுழைகின்றன என்பதைவிடச் சுவாரஸ்யமான சங்கதி. ஏனெனில் நாம் முழுச் செடியையும் தின்பவர்கள் அல்லர்.

அறந்தாங்கியைக் கடந்து ஆவுடையார்கோயிலில் இறங்கினோம். மாணிக்கவாசகர் எழுப்பிய கோயில் என்று மரபு கூறும் திருப்பெருந்துறை இதுவே. கல்லை மரச்சட்டமாகவும் ஆணியாகவும் இழைத்துக் காட்டிய கொடுங்கைகளைப் பற்றி எழுதப் புகுந்தால் வேறு கட்டுரை ஆகிவிடும். சந்நிதியில் லிங்கத் திருமேனி இல்லை, ஆவுடை மட்டுமே உண்டு. சுவாமிக்குப் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே நிவேதனம். அதனோடு படைக்கப்படுபவை கீரையும் பாகற்காயும். ஏனைய கோயில்களில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் பெறும் தெய்வம், இங்கே ஏழைக் குடியானவன் வீட்டு மத்தியான்ன ஆகாரத்தை ஏற்றுக்கொள்கிறது என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. நண்பருக்கோ வேறு கணக்கு ஓடியது. "ஒன்று இலை, ஒன்று காய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்" என்றார்.

நம் நாட்டு ஆகாரப் பண்டங்களின் சத்துக்களை அளந்து பட்டியலிடும் வேலை முதலில் தமிழ்நாட்டில்தான், நீலகிரி மலைமேல் குன்னூரில் நடந்தது. ராபர்ட் மக்காரிசன் அங்கே தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம், அவருக்குப் பின் அதன் தலைவராக வந்த அய்க்ராய்டின் காலத்தில், 1937இல் முதற் பட்டியலை வெளியிட்டது. பிற்பாடு 1958இல் அக்கூடம் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது. சி. கோபாலன் முதலியோர் தொகுத்த அதன் பிரசித்தமான பட்டியலின்படி, 100 கிராம் பாகற்காயில் கால்சியம் 20 மில்லிகிராம்; அதே எடை தண்டுக்கீரை வகையில் 397 மில்லிகிராம். முருங்கையைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் கண்கூடு, ஏனெனில் அங்கே மரம் ஒன்றே: இலையில் 440, காயில் 30. கறிவேப்பிலையில் 830, அகத்திக்கீரையில் ஆயிரத்துக்கும் மேல். 2017இல் வெளியான புதிய பட்டியலில் முருங்கையிலையின் எண் சற்று இறங்கியிருக்கிறது என்றாலும், காய்க்கு மேல் இலை பன்மடங்கு என்ற தாரதம்மியம் மாறவில்லை. கீரையின் இரும்பு விஷயந்தான் அவ்வளவு நம்பகமானதல்ல. பழைய பதிப்பில் ஆடம்பரமாகக் காணப்பட்ட அந்த எண் பின்னர் வெகுவாகக் குறைக்கப்பட்டது. இலையில் ஒட்டிய புழுதியே இரும்பைக் கூட்டிக் காட்டிவிடும் என்பதை இத்துறையில் பழகியவர்கள் அறிவார்கள். தண்டுக்கீரையின் கால்சியத்திலும் கணிசமான பங்கு ஆக்ஸலேட்டோடு கட்டுண்டு நமக்கு உதவாமல் கழிந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தோஷம் முருங்கைக்குக் குறைவு.

இலைக்கும் காய்க்கும் இந்த பேதம் ஏன் வருகிறது? செடிக்குள் ஓடும் வழிகள் இரண்டு. தாவர நூலார் சைலம் என்று கூறும் குழல்களில் வேர் உறிஞ்சிய தண்ணீர் மேலே ஏறுகிறது. அதை மேலே இழுப்பது இலையின் ஆவியாதலே. எங்கே ஆவி அதிகம் போகிறதோ அங்கே தண்ணீர் போகிறது, தண்ணீரோடு கால்சியமும் போகிறது. தண்ணீர் ஆகாயத்துக்குப் போய்விட, கால்சியம் இலையிலேயே தங்கிவிடுகிறது. ஃபுளோயம் என்ற மற்றொரு வழியில், இலை சமைத்த சர்க்கரைப் பாகு, காய், கிழங்கு, குருத்து என்று வேண்டிய இடங்களுக்கு இறங்குகிறது. இந்தப் பாகு ஓடும் விதத்தை ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் முன்ஷ் 1930இல் விளக்கினார். பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பரஸ் ஆகியவை பாகோடு சேர்ந்து தாராளமாகப் பிரயாணம் செய்பவை. கால்சியத்துக்கோ இந்த வழியில் ஏறக்குறைய அனுமதியே இல்லை. ஒருமுறை இலையில் குடியேறிய கால்சியம், பக்கத்துக் கிளையில் காய் பட்டினி கிடந்தாலும், திரும்பி வராது. சதைப்பற்றுள்ள காய்களோ பெரும்பாலும் இந்தப் பாகினால் வளர்பவை. அதனால்தான் வாழைப்பழமும் பலாச்சுளையும் இளநீரும் பொட்டாசியத்தில் செல்வந்தர்களாகவும் கால்சியத்தில் தரித்திரர்களாகவும் இருக்கின்றன. சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் வைத்தியர்கள் முதலில் இளநீரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தச் சொல்வதும் அந்தச் செல்வத்தை அஞ்சித்தான்.

ஆவுடையார்கோயிலை விட்டுத் தென்கிழக்கில் மீமிசலை நோக்கிப் போகப் போக நிலம் தட்டையாகி, ஏரிகள் அகன்று ஆழமற்று, சீமைக்கருவேல் அடர்ந்து, வெயில் வெண்மையாகிறது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு, தஞ்சை ஜில்லாவில் புது ஆறு என்ற பெயரில் ஜலம் நிறைந்து ஓடும் கல்லணைக் கால்வாய், ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நடந்து களைத்து, மணமேல்குடிப் பக்கத்து மும்பாலை ஏரியில்தான் முடிகிறது. காவிரியின் கடைசிச் சொட்டு சேருமிடம் இந்தச் சீமை. மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்துவிட்டால் பட்டணத்தில் இருப்பவர்கள் காவிரி வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். கடைமடைக்காரன் வாய்க்காலுக்குள் இறங்கி நின்று, காலில் ஈரம் பட்டால்தான் நம்புவான். நாங்கள் போனபோது வாய்க்கால்களில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறி வடக்கே திரும்பி, இறால் பண்ணைகளையும் ஜெகதாப்பட்டினத்தையும் கடந்தால் கோட்டைப்பட்டினம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருந்தபடியால் விசைப்படகுகளின் துறை கலகலப்பாயிருந்தது. ஐஸ் கட்டியை உடைக்கும் சத்தமும், ஏலக் குரலும், டீசல் வாசனையும், கருவாட்டு நெடியும் ஒன்றாகக் கலந்து வந்தன. அக்கரை யாழ்ப்பாணம், நடுவிலுள்ள பாக் நீரிணையில் எல்லைக்கோடு எங்கே போகிறது என்ற தர்க்கத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் இலங்கைச் சிறைக்குப் போய்த் திரும்புவது வழக்கமாகிவிட்ட துக்கம். ராவுத்தர் அப்பா தர்காவில் இந்துக்களும் முஸ்லிம்களுமாக வந்து நேர்ச்சை செலுத்திக்கொண்டிருந்தார்கள். கரையோர ஜனங்களுக்குக் கால்சியக் கவலை அதிகம் இராது என்று அங்கே எனக்குத் தோன்றியது. முள்ளோடு தின்னும் நெத்திலி அதைப் பார்த்துக்கொள்ளும்.

நாங்கள் தேடி வந்த தோட்டம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தைவிடச் சற்று அதிகத்தில், மணல் மேட்டின் பின்புறம் இருந்தது. அதன் சொந்தக்காரர் எழுபது வயதைக் கடந்த முஸ்லிம் பெரியவர். மலேசியாவில் கடை வைத்திருந்து திரும்பியவர். நண்பரும் அவரும் உத்தியோக நாளிலிருந்தே பழக்கம். மணற்பாங்கான கரையில் மழைநீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக நிற்கும். கையால் தோண்டிய ஊற்றில் இறைத்தால் நல்ல தண்ணீர், மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழிருந்து கடல் ஏறிவரும். பெரியவருடைய கிணற்றில் மோட்டார் வந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. நான் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். முகம் சுளிக்கிற உவர் இல்லை, ஆனால் தாகம் தீரவில்லை.

"எரு வெச்சேன், மருந்து அடிச்சேன், எலையெல்லாம் கருகருன்னு இருக்கு. காயைப் பாருங்க சார்" என்று அவர் ஒரு தக்காளிச் செடியின் கிளையைத் திருப்பிக் காட்டினார். காம்புப் பக்கம் செக்கச்செவேலென்று குறைசொல்ல முடியாத பழம். அதைக் கவிழ்த்தால், பூ இருந்து உதிர்ந்த அடிப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குத் தோல் உள்ளே அமுங்கி, தடித்து, கறுத்துக் கிடந்தது. நண்பர் பேனாக்கத்தியால் அறுத்தார். பூஞ்சையின் நாற்றமோ புழுவின் துளையோ இல்லை; கறுப்பு உலர்ந்து அட்டையாக இருந்தது, அதற்கு ஒரு விரற்கடை மேலே சதையும் விதையும் வழக்கம்போலச் சாறு நிரம்பியிருந்தன. வியாபாரி இவற்றைத் தொடவும் மாட்டான். வீட்டம்மாள் கறுப்பை அரிந்தெறிந்துவிட்டு மீதியை மீன் குழம்புக்குப் போட்டுக்கொள்கிறாள்.

இது வியாதி அன்று, பசி. 1940களிலேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைக் கால்சியப் பற்றாக்குறையோடு சேர்த்துக் கண்டுகொண்டார்கள்; ஆப்பிளில் தோலடியில் தோன்றும் கசப்புப் புள்ளிகளும் இதே குடும்பம். தக்காளியின் தோலில் இலைத்துளைகள் கிடையாதாகையால் ஆவியாதல் அற்பம். அற்பமான தண்ணீரோடு வரும் கால்சியம் காம்பருகிலேயே செலவாகிவிட, அடிநுனிக்கு வருவது ஏதும் இல்லை. காய் பிடித்த முதற் சில வாரங்களில், செல்கள் விரிந்து பெருக்கும் அவசரத்தில், செல்லின் சுவரையும் சவ்வையும் கட்டக் கால்சியம் வேண்டும். கிடைக்காவிட்டால் சவ்வு கசிந்து சதை இடிந்து விழுகிறது. தலைமடையில் இலை உட்கார்ந்துகொண்டு கால்சியத்தை வயிறார வாங்கிக்கொள்கிறது. காயின் அடிநுனி அந்தச் செடியின் கடைமடை. பெரியவருக்கு இதை விளக்க நண்பர் சித்திரம் ஒன்றும் போட வேண்டியிருக்கவில்லை. "கல்லணைத் தண்ணி மும்பாலைக்கு வர்ற கதை" என்ற ஒரு வாக்கியத்தோடு அவர் புரிந்துகொண்டு தலையை ஆட்டினார்.

உவர்நீர் இந்தக் கஷ்டத்தை இரட்டிப்பாக்குகிறது. உப்புக் கரைந்த தண்ணீரை வேர் சிரமப்பட்டே உறிஞ்சுகிறது; உறிஞ்சும் வாசலில் சோடியம் முந்திக்கொண்டு கால்சியத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இத்தனைக்கும் அந்த மண்ணில் கிளிஞ்சலும் சிப்பியும் பொடிந்து கலந்திருந்தன. காலடியில் சுண்ணாம்பு, காயில் பஞ்சம். சோடியத்தின் போக்கையும் அதே தோட்டத்தில் கண்டோம். எலுமிச்சையின் முதிர்ந்த இலைகளில் நுனியும் ஓரமும் தீய்ந்து சுருண்டிருந்தன, குருத்து பசுமையாயிருந்தது. ஏறிவந்த உப்பைச் செடி கிழ இலைகளில் ஒதுக்கி, பின்பு அவ்விலைகளை உதிர்த்துத் தீர்க்கிறது. பக்கத்தில் சப்போட்டா, உவரைப் பொறுத்துக்கொள்ளும் ஜாதியாகையால், அலட்சியமாகக் காய்த்திருந்தது. ஒரு பழம் தின்றேன். உப்பின் சாயல் நாக்கில் தட்டுப்படவில்லை. சர்க்கரைப் பாகின் வழியில் சோடியம் தாராளமாகச் செல்வதில்லை என்பதால், இலை எரிந்தாலும் கனி இனிக்கிறது. சொல்லப்போனால் அளவான உவரில் வளர்ந்த தக்காளிக்கு, நீர் குறைந்து சாரம் கூடுவதால், இனிப்பு அதிகம். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உவர்நீர்த் தக்காளியை அதற்காகவே பயிரிட்டு விற்கிறார்கள். கறுத்த பாகத்தை நீக்கிப் பெரியவர் கொடுத்த துண்டும் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அடி கறுத்த இனிப்பைச் சந்தையில் யார் வாங்குவார்கள்?

இலைக்கு ஏறுவது வேறு, காய்க்கு இறங்குவது வேறு என்ற இந்த நியாயம் கன உலோகங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் வந்த குரோமியம், பயிரின் வேரிலேயே பெரும்பாலும் அடைபட்டுக்கொள்ளும் குணமுடையது. காட்மியமோ இலைக்கு எளிதாக ஏறும். ஆகவே நகரத்துச் சாக்கடை நீரில் விளையும் தோட்டங்களில் காயைவிடக் கீரையைப் பற்றி அதிகம் அஞ்சுவது நியாயமே. கீரையின் பெருமைக்கும் அதன் அபாயத்துக்கும் காரணம் ஒன்றுதான்.

சாயங்காலம் களர்நிலத்தின் ஓரமாக நடந்தோம். உப்பைச் சமாளிக்கும் வித்தையில் நம் தோட்டப் பயிர்களுக்கெல்லாம் குருஸ்தானம் வகிப்பது அங்கே செங்கரும்பச்சையாய்த் தரையோடு படர்ந்திருந்த உமரி. மற்றச் செடிகள் அஞ்சும் சோடியத்தை அது தன் சதைப்பற்றுள்ள இலைகளில், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனி அறை கட்டி, அதில் பூட்டிவைத்து, அந்த உப்பின் பலத்தாலேயே உவர் மண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. ஒரு நுனியைக் கிள்ளி மென்றால் நேரே உப்பு. கரையோரக் குடும்பங்கள் இதை வேகவைத்து வடித்துத்தான் கடைவார்கள். உலையில் உப்புப் போட வேண்டியதில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வெண்கண்டல் மரம் வேறொரு முறை பயின்றிருக்கிறது: ஏறிய உப்பை இலையின் சுரப்பிகள் வழியே வெளியே துப்பிவிடுகிறது, வெயிலில் அந்த இலையைத் தடவினால் விரலில் உப்புப் பரல் ஒட்டும்.

மறுநாள் காலையில் நண்பர் பெரியவருக்குத் தம் சிகிச்சையைச் சொன்னார். இலைமேல் தெளிக்கும் கால்சியத்தால் காய்க்குப் பிரயோஜனமில்லை, இலையிலிருந்து அது இறங்காது. தெளித்தால் பிஞ்சின்மேலேயே படவேண்டும். ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாய்ப் பாய்ச்சாமல், தினமும் கொஞ்சமாகப் பாய்ச்சி, பாத்தியைத் தென்னஞ்சோகையால் மூடிவைக்க வேண்டும். யூரியாவைக் குறைக்க வேண்டும். யூரியாவால் இலை கொழுக்கும், கொழுத்த இலை தன் பங்கை மேலும் இழுத்துக்கொள்ளும். ஜிப்சம் இடலாம், அதன் கால்சியம் களிமண் துகளைப் பிடித்திருக்கும் சோடியத்தை விடுவிக்கும், நல்ல மழை அதைக் கீழே கழுவிக்கொண்டு போகும்.

ஜிப்சம் மூட்டையை எங்கே வைக்கலாம் என்று பார்க்கக் கொட்டகைக்குள் நுழைந்த நண்பர் அங்கே வேறொரு மூட்டையைக் கண்டு நின்றுவிட்டார். கல்லுப்பு.

"தென்னைக்கு. எங்க அத்தா காலத்துலேருந்து குழிக்குக் குழி போடறது" என்றார் பெரியவர்.

நான் இதை அறியாமை என்று நினைக்க இருந்தேன், நண்பர் விடவில்லை. குளோரின் எல்லாச் செடிக்கும் இன்றியமையாதது என்பதே 1954இல்தான் கலிஃபோர்னியாவில் நிரூபணமாயிற்று; ஆனால் தென்னைக்கு அது மற்றப் பயிர்களைவிட மிக அதிகம் வேண்டும்; அதன் இலைத்துளைகள் திறந்து மூடுவதற்குப் பொட்டாசியத்தோடு குளோரைடும் துணை செய்கிறது. பிலிப்பைன்ஸ் தேசத்தில் கடலுக்குத் தொலைவான தோப்புகளுக்குச் சமையல் உப்பையே உரமாக இடும்படி அரசாங்கத்தாரே சிபாரிசு செய்கிறார்கள். கடற்காற்று எட்டாத தூரத்துத் தோப்பில் உப்பிடுபவன் விவேகி. கோட்டைப்பட்டினத்திலோ காற்றிலும் கிணற்றிலும் உப்பு இலவசமாக வந்துகொண்டிருக்கிறது. இங்கே போடும் கல்லுப்பு தென்னைக்கு வேண்டியதில்லை, அதற்குக் கீழே சரிவில் இருக்கும் தக்காளிப் பாத்திக்குத்தான் போய்ச் சேரும். நண்பர் தென்னங்குழிக்கும் பாத்திக்கும் இடையேயுள்ள சரிவைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டு, உப்பு போடுவதை இந்த வருஷத்தோடு நிறுத்தும்படியும், ஐப்பசி மழைக்கு முன்னால் தக்காளியைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டுக்கு மாற்றிவிடும்படியும் சொன்னார்.

பெரியவர் உப்பு விஷயத்தை உடனே ஒத்துக்கொண்டார். மேட்டைப் பற்றித்தான் யோசித்தார்.

"அந்தப் பக்கம் மருமக மல்லிகை வெச்சிருக்கு சார். அதைக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.